செவ்வந்திக்கு வந்த காமாலை

நூபியா அத்தெஹோர்த்துவாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். சாந்தா எலேனா மலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் கணவன் கில்தார்தோ மலைக்கும் மெதெயின் நகரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தில் கிடந்துவிட்டு வருவதால் வீட்டுச் சத்தம் தன்னை ஒன்றும் செய்வதில்லை என்பான். அந்த வாய்தான் அந்த வருஷம் பூத்திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது அவளைச் சந்தியில் கொண்டுவந்து நிறுத்தியது.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் சான்கோச்சோ சூப்பு அண்டாவைச் சுற்றி எல்லோரும் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து எவெலியோ கிரஹாலெஸ் கோழிக்காலைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமையடித்துக்கொண்டிருந்தார். போன வருஷ ஊர்வலத்தில் நூபியா முதுகில் சுமந்து வந்த மஞ்சள் பூச்சட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. அவருடையதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

"இந்தத் தடவை என் முதுகுல ஒரு பனிமலையே வரப்போகுது. முழுசும் வெள்ளைச் செவ்வந்தி. ஒரு பொட்டு வேற நிறம் கிடையாது. உன் மஞ்சளெல்லாம் அதுக்கு முன்னால நிக்காது கொமாத்ரே."

எவெலியோ நூபியாவின் மகளுக்கு ஞானத் தகப்பன். அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வது.

"அவ்வளவு வெள்ளையா?" என்றாள் நூபியா. "ஊர்க் கண்ணெல்லாம் பட்டு அதுக்குக் காமாலை வந்துடப் போகுது, பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். எவெலியோவும் சிரித்தார். அத்தோடு அது மறந்துபோயிருக்க வேண்டிய பேச்சு.

ஆனால் செவ்வந்திக்குக் காமாலை வந்துவிட்டது.

ஒரு காலை நூபியா சமையலறை மேசையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எவெலியோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். கையில் ஒரு செவ்வந்திக் கிளை. அதை மாவுக்குப் பக்கத்தில் பொத்தென்று போட்டார்.

"இது என்ன?"

"செவ்வந்தி."

"என்ன நிறம்?"

நூபியா கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். கிளை நடுவில் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பிரிவில் இருந்த பூக்களெல்லாம் பால் வெள்ளை. இன்னொன்றில் இருந்தவை நல்ல மஞ்சள். கவட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூ மட்டும், யாரோ கோடு போட்டுப் பிரித்தது போல, பாதி வெள்ளையும் பாதி மஞ்சளுமாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது.

"ரெண்டு நிறம். உக்காரு கொம்பாத்ரே, வெல்லத் தண்ணி கொதிச்சிட்டிருக்கு, ஒரு வாய் குடி."

"உன் தண்ணி எனக்கு வேண்டாம். அதுல என்ன கலந்து வெச்சிருக்கியோ."

"நானா?"

"நீதான் சொன்னே, காமாலை வரும்னு. ஊரே கேட்டுச்சு. வந்துடுச்சு. மருந்து அடிச்சியா, மந்திரம் போட்டியான்னு எனக்குத் தெரியாது. உன் நாக்கு இருக்கே, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"மஞ்சள் சாயம் பூசிட்டேன்னு சொல்லு, அதுவாவது கேக்க நல்லாருக்கும்."

எவெலியோ கட்டைவிரல் நகத்தால் ஒரு மஞ்சள் இதழைச் சுரண்டிக் காட்டினார். சாயம் வரவில்லை, இதழ்தான் கிழிந்தது. "பாத்தியா? உள்ளேருந்தே மஞ்சள். இது மனுஷ வேலை இல்ல." சொல்லிவிட்டுக் கிளையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

நூபியா முதலில் சிரித்தாள். கில்தார்தோ மத்தியானம் சாப்பிட வந்தபோது நடித்தும் காட்டினாள். அவன் சிரிக்கவில்லை. "இப்ப நான் யாரோட பில்லியர்ட்ஸ் ஆடறது?" என்றான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் விழுந்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் அதை யார் சொல்வது? இரண்டே நாளில் மலை முழுக்கச் செய்தி பரவியது. பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரித்துக்கொண்டே நம்பினார்கள். கடையில் அவள் வரிசையில் நின்றால் முன்னால் நின்றவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். கீழ்ச் சரிவு வீட்டு லிஹியா ஒரு கோழியோடு வந்து சேர்ந்தாள்.

"தோன்யா நூபியா, எனக்கு ஒரு உதவி செய்யணும். எம் மருமகன் நம்ம வீட்டு சோபாவுலயே குடியிருக்கான். அவனுக்கு ஏதாவது சொல்லிவிடுங்க."

"என்ன சொல்லிவிட?"

"சாக வேணாம். பாவம், பிள்ளைங்க இருக்கு. ஒரு வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போனாப் போதும்."

"அது சாபமில்ல லிஹியா, ஆசீர்வாதம்."

"எதுவா இருந்தா என்ன. செஞ்சு குடுங்க."

நூபியா கோழியைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினாள். அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. பூ சுமப்போர் சங்கத் தலைவர் தோன் ஓக்தாவியோ தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்ற அன்றுதான் வேடிக்கை முடிந்தது.

"எவெலியோ புகார் குடுத்திருக்கார், தோன்யா நூபியா. மத்தவங்க பூவுக்குக் கெடுதல் செஞ்சவங்க ஊர்வலத்துல நடக்கக்கூடாதுன்னு சங்க விதியில இருக்கு. எனக்கு நம்பிக்கையில்லை. ஆனா புகார்னு வந்தா விசாரிக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கூட்டம். அதுவரைக்கும் உங்க இடத்தை நிறுத்தி வெக்கறோம்."

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். ஊர்வலத்தில் அவள் இடம் அவள் தாய் நடந்த இடம். முதுகில் ஒரு மனுஷன் கனம் பூவைச் சுமந்துகொண்டு, வெயிலில், நகரத்தார் ஆரவாரத்தின் நடுவே இறங்கிப் போகும் அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் மண்ணில் குனிவது. அது போய்விட்டால் வருஷத்தில் என்ன மிச்சம்?

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் புகை எழுவதைப் பார்த்தாள். எவெலியோ தன் வெள்ளைப் பாத்தி முழுவதையும் பிடுங்கிக் குவித்து எரித்துக்கொண்டிருந்தார். காமாலை மற்ற பூக்களுக்கும் தொற்றிக்கொள்ளும் என்ற பயம். பச்சைச் செடி சீக்கிரம் எரியாது. கண் எரியும் புகையாக வந்தது. நெருப்பின் பக்கத்தில் குச்சியோடு நின்ற அவர் முகத்தைப் பார்த்தபோது நூபியாவுக்கு இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. அவள் சமையலறைக்குப் போய், எண்ணெய் டின் தண்ணீரில் வைத்திருந்த அந்தக் கிளையை எடுத்தாள். அது இன்னும் வாடவில்லை.

நகரத்துப் பல்கலைக்கழக வாசலில் சனிக்கிழமைதோறும் நூபியா பூ விற்பாள். அங்கே அவளுக்கு ஒரு விசித்திரமான வாடிக்கை உண்டு. டாக்டர் யமீலே கிசேனோ, குட்டை முடி, காரட் நிறக் கறை படிந்த வெள்ளை அங்கி. வாராவாரம் மஞ்சள் பூவாகப் பார்த்து வாங்குவாள். யாருக்கு என்று ஒருநாள் நூபியா கேட்டதற்கு, "அரைக்கறதுக்கு" என்றாள். பூவை அரைக்கிறவளோடு என்ன பேச்சு என்று அன்றிலிருந்து அவளிடம் கொஞ்சம் விறைப்பாகவே இருந்துவந்தாள். இப்போது அதே அரைக்கிற அம்மாளைத் தேடித்தான் கில்தார்தோவின் பஸ்ஸில், மடியில் எண்ணெய் டின்னோடு, மலையிறங்கினாள்.

டாக்டரம்மா கிளையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாதிப் பூவைக் கையில் ஏந்தி, புதுப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இது எங்கே கிடைச்சுது?"

நூபியா காமாலையிலிருந்து புகை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

"மன்னிச்சுக்குங்க தோன்யா நூபியா. நான் இதைத்தான் இத்தனை வருஷமா படிக்கிறேன். உங்க கொம்பாத்ரேவோட வெள்ளைப் பூ மஞ்சளே செய்யறதில்லன்னு நினைக்கிறீங்களா?"

"வெள்ளைப் பூ எதுக்கு மஞ்சள் செய்யுது?"

"செய்யுது. காரட்டுல, மக்காச்சோளத்துல, பப்பாளியில இருக்கே, அந்தக் குடும்பத்து மஞ்சள். கரோட்டினாய்டுன்னு பேரு. வெள்ளை இதழும் அதைச் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா செய்யச் செய்ய வெட்டிப் போடறதுக்கு உள்ளேயே ஒரு நொதி இருக்கு. கத்திரிக்கோல்னு வெச்சுக்குங்க. மஞ்சள்ங்கறது ஒரு நீளச் சங்கிலி. முழுசா இருந்தாத்தான் நிறம். வெட்டிட்டா துண்டுக்கு நிறம் கிடையாது."

நூபியாவுக்குச் சட்டென்று தன் அடுப்பு நினைவுக்கு வந்தது. "எங்க வீட்ல நான் அரேபா ரொட்டி சுடச் சுட கில்தார்தோ எடுத்துத் தின்னுடுவான். தட்டைப் பாத்தா காலியா இருக்கும். வர்றவங்க இந்த வீட்ல அடுப்பே மூட்டலைன்னு நினைச்சுக்குவாங்க. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். கில்தார்தோ ஊருக்குப் போயிட்டா?"

"தட்டு நிறைஞ்சு வழியும்."

"அந்தக் கிளையில கில்தார்தோ இல்ல. அவ்வளவுதான் விஷயம். செடி வளர்ற முனையில ஒரு செல் ரெண்டாப் பிரியறப்ப, கத்திரிக்கோல் செய்யற செய்முறை தவறிப்போச்சு. அந்தச் செல்லுலேருந்து வந்த கிளை முழுக்க வெட்ட ஆள் கிடையாது. மஞ்சள் அப்படியே தங்கிப்போச்சு. யாரும் எதையும் மேல பூசல."

"இலையிலயும் இந்த மஞ்சள் உண்டா?"

"உண்டு. பச்சைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும்."

"அப்போ அங்க ஏன் கத்திரிக்கோல் போகல?"

டாக்டரம்மாவுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். "இலைக்கு அது வேணும். வெயில்ல கருகாம காப்பாத்தறதே அந்த மஞ்சள்தான். அதனால இந்தக் கத்திரிக்கோல் இதழ்ல மட்டும் வேலை பாக்கும். வேற வேற இடத்துல வேற வேற கத்திரிக்கோல் இருக்கு. நீங்க சோத்துக்குச் சிவப்பா ஒரு விதை போடுவீங்களே, அச்சியோத்தே, அந்தச் சிவப்பும் இப்படி வெட்டி, மாத்தி, செஞ்சதுதான். காரட் தின்னீங்கன்னா உங்க குடல்லயும் ஒரு கத்திரிக்கோல் அதை ரெண்டா வெட்டி, கண்ணுக்குத் தேவையானதைச் செஞ்சு குடுக்கும்."

பிறகு அலமாரியிலிருந்து ஒரு வட்டக் கண்ணாடித் தட்டை எடுத்துவந்தாள். தட்டு முழுக்க நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், காரட் நிறம் செய்யக் கற்றுக்கொடுக்கப்பட்டவை என்றாள். ஒரு ஓரத்தில் மட்டும் நிறம் வெளுத்துக் கிடந்தது. அங்கே இருந்தவற்றுக்குக் கத்திரிக்கோலும் கொடுத்திருந்தார்களாம். பிறகு ஒரு சின்னப் புட்டியின் மூடியைத் திறந்து நீட்டினாள். நூபியா முகர்ந்தாள். குளிர்ந்த, பவுடர் போன்ற, இனிய வாசனை. வயலெட் பூ.

"வெட்டுப்பட்ட துண்டோட வாசனை இது. நிறம் போனாலும் மணமா மாறும்."

நூபியா மறுபடியும் முகர்ந்தாள். தன் வாழ்நாள் முழுக்கப் பூவோடு இருந்தவள், பூ தனக்குள்ளேயே ஒரு அடுப்பும் ஒரு கத்திரிக்கோலும் வைத்திருக்கிறது என்று அன்றுதான் கேள்விப்பட்டாள். அவளுக்கு உள்ளே என்னவோ குதித்தது. ஊர்வலத்தின் இடம், புகார் எல்லாம் ஒரு நிமிஷம் மறந்தேபோனது.

"இது தொத்துமா டாக்டரம்மா?"

"தொத்தாது. அந்தக் கிளையோட சரி."

புகைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்ற முகம் நினைவுக்கு வந்தது. நூபியா புட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

வாயால் சொன்னால் ஊர் நம்பாது, சோதித்துக் காட்டுகிறேன் என்றாள் டாக்டரம்மா. வெள்ளை இதழ் கொஞ்சம், மஞ்சள் இதழ் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்கக் கலப்பில்லாத இன்னொரு மஞ்சளும் வேண்டும் என்று கேட்டாள். நூபியா பெருமையோடு தன் செவ்வந்தியைக் கொடுத்தாள். போன வருஷம் பரிசு வாங்கிய அதே மஞ்சள். மலையில் அதற்கு அத்தெஹோர்த்துவா தங்கம் என்று பெயர். எங்கள் குடும்பத்துப் பூ, வேறு எந்தத் தோட்டத்திலும் கிடையாது என்று வருகிற வெளிநாட்டுக்காரர்களிடமெல்லாம் அவள் சொல்வாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா பூ வாங்க வரவில்லை, பேச வந்தாள். வாசலோரம் நூபியாவின் முக்காலிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"ரெண்டு சேதி. முதலாவது நல்லது. கிளையோட மஞ்சள் பக்கத்துல கத்திரிக்கோலுக்கான செய்முறை காணோம். வெள்ளைப் பக்கத்துல இருக்கு. மத்தபடி ரெண்டும் ஒரே செடி. உங்க மேல ஒரு குத்தமும் கிடையாது."

"ரெண்டாவது?"

"உங்க தங்கம் இருக்கே." டாக்டரம்மா தயங்கினாள். "அதுவும் அதே செடிதான்."

"எதே செடி?"

"கிரஹாலெஸ் வீட்டு வெள்ளை. அடையாளமெல்லாம் ஒண்ணு. கத்திரிக்கோல் மட்டும் இல்ல. எப்பவோ அந்த வெள்ளையில இதே மாதிரி ஒரு கிளை மஞ்சளாகியிருக்கு. அதை யாரோ உங்க பக்கம் நட்டிருக்காங்க. நீங்க பிறக்கறதுக்கு முன்னால இருக்கலாம். கூட்டத்துல இதை நான் சொல்லணும்னு அவசியமில்ல. உங்க பூ, உங்க இஷ்டம்."

அன்று மலையேறும் பஸ்ஸில் நூபியா ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கில்தார்தோ கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பார்த்துப் பயந்துபோனான்.

"உடம்பு சரியில்லையா?"

"நம்ம தங்கம் அவங்க வீட்டுதாம்."

அவன் இரண்டு வளைவு தாண்டும் வரைக்கும் யோசித்தான். "யாருக்குத் தெரியும்?"

"உனக்கு, எனக்கு, டாக்டரம்மாவுக்கு."

"எனக்குத் தெரியாதுன்னு வெச்சுக்க," என்றான் கில்தார்தோ. "நான் ரோட்டைப் பாத்திட்டிருந்தேன்."

ஞாயிறு கூட்டத்துக்கு ஊர் மொத்தமும் வந்திருந்தது. மண்டபத்து வெளியில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. எவெலியோ முன்வரிசையில் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா ஆரஞ்சுத் தட்டையும் புட்டியையும் மேசையில் வைத்துப் பேச ஆரம்பித்தாள். கத்திரிக்கோல் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் கூட்டத்தில் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று தெரிந்ததும் அரேபா கதைக்குத் தாவினாள். அதன் பிறகு நொதி என்ற சொல்லை ஒருவரும் பயன்படுத்தவில்லை.

"அப்போ எம் பூவுல கில்தார்தோ இருக்கானா?" என்று ஒரு கிழவர் பின்னாலிருந்து கேட்டார்.

"வெள்ளையா இருந்தா இருக்கான்."

"ரோஜாவுல?"

"அது வேற குடும்பம் ஐயா. அங்க வேற ஆள்."

கில்தார்தோ சுவரோடு சாய்ந்து காதுவரை சிவந்து நின்றான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு பேர் அவனைப் பற்றி ஒரே நாளில் பேசியதில்லை.

எவெலியோ கட்டிய கையைப் பிரித்தார். "எல்லாம் சரி. ஆனா இவ சொன்ன பிறகுதானே வந்துச்சு?"

"பூ விரிஞ்சு நீங்க பாத்தது அப்புறம்தான். ஆனா அந்தக் கிளை மொட்டுவிடறதுக்கு முன்னாலயே மாறியாச்சு. அவங்க வாயைத் திறக்கறதுக்கும் முன்னால."

"அவ வாய் எப்ப மூடியிருந்துச்சு?" என்றார் எவெலியோ. மண்டபம் சிரித்தது. நூபியாவும் சிரித்துவிட்டாள்.

"மத்த செடிக்கெல்லாம் பரவியிருக்குமே," என்றார் அவர் மறுபடி, குரல் கொஞ்சம் இறங்கி.

"பரவாது. இது நோயில்ல."

எரிந்த பாத்தியை எல்லோரும் பார்த்திருந்தார்கள். எவெலியோ தலையைக் குனிந்துகொண்டார். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா பேச்சை மாற்ற நினைத்துப் புட்டியைச் சுற்றுக்கு விட்டாள். ஒவ்வொருவரும் முகர்ந்து, "ஆகா, வயலெட்" என்று அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். எவெலியோவின் கைக்கு வந்தது. முகர்ந்தார். திரும்ப முகர்ந்தார். மூக்கைப் புட்டிக்குள் நுழைத்தே பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்ல."

"இருக்கு எவெலியோ, நல்லா இழு," என்றார் ஒருவர்.

"தண்ணியை ஊத்தி வெச்சு என்னை ஏமாத்தறீங்களா?"

"இல்ல தோன் எவெலியோ," என்றாள் டாக்டரம்மா அவசரமாக. "சிலருக்குப் பிறப்புலயே இந்த ஒரு வாசனை மட்டும் தெரியாது. நிறையப் பேருக்கு அப்படி. குறை இல்ல."

ஆனால் அதற்குள் மண்டபம் வெடித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. பூக்காரனுக்குப் பூ வாசனை தெரியாதாம் என்று யாரோ சொல்ல, இன்னொருவர், காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், மூக்கும் சேர்ந்து போச்சு என்று எடுத்துக் கொடுத்தார். எவெலியோவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பாத்தியும் போய், புகாரும் போய், இப்போது மூக்கும் போன மனுஷனாக உட்கார்ந்திருந்தார். தோன் ஓக்தாவியோ எழுந்து, புகார் தள்ளுபடி என்று அறிவிக்கத் தொண்டையைக் கனைத்தார். நூபியா ஜெயித்துவிட்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும்.

அவள் எழுந்து நின்றாள்.

"தோன் ஓக்தாவியோ, ஒரு நிமிஷம். டாக்டரம்மா இன்னொண்ணும் கண்டுபிடிச்சிருக்காங்க. எனக்காகச் சொல்லாம விட்டுட்டாங்க. நானே சொல்லிடறேன். எங்க தங்கம் எங்களுது இல்ல. கிரஹாலெஸ் வீட்டு வெள்ளைதான் என்னைக்கோ மஞ்சளாகி எங்க பக்கம் வந்திருக்கு. யார் குடுத்தா, யார் எடுத்தா, எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா போன வருஷம் நான் பரிசு வாங்கினது இவங்க வீட்டுச் செடியிலதான்."

சிரிப்பு நின்றது. கில்தார்தோ கண்ணை மூடிக்கொண்டான். எவெலியோ மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

"அந்த மஞ்சள் எங்க வீட்டுப் பொண்ணா?"

"ஆமா."

"எங்களுக்குத் தெரியாம உங்க வீட்டுல வந்து குடித்தனம் பண்ணியிருக்கு."

"நல்லாத்தான் வெச்சிருந்தோம் கொம்பாத்ரே. ஒரு குறையும் வெக்கல. திருப்பி மட்டும் அனுப்ப மாட்டோம்."

எவெலியோ அவளைப் பார்த்தார். அவர் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. "அப்போ போன வருஷப் பரிசுல பாதி எங்க வீட்டுக்கு."

"பரிசு ரிப்பனை வேணா நடுவுல வெட்டித் தர்றேன்."

"வேணாம். உன் கத்திரிக்கோலை நம்பமாட்டேன்."

இந்த முறை மண்டபம் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். தோன் ஓக்தாவியோ கனைத்துக் கனைத்து ஓய்ந்துபோய், சரி சாப்பிடலாம் என்று அறிவித்தார்.

ஆனால் பனிமலைக்குப் பூ இல்லை. ஊர்வலம் நெருங்கிவிட்டது, புதிதாக நட்டு வளர்க்க நேரமில்லை. எவெலியோ இந்த வருஷம் நடக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை நூபியா ஒரு கூடை தங்கத்தோடு அவர் வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் லிஹியா எங்கிருந்தோ சேகரித்த வெள்ளைக் கார்னேஷன்களோடு நின்றாள். சாபம் பலிக்கவில்லை, மருமகன் இன்னும் சோபாவில்தான் என்று நூபியாவிடம் குறைப்பட்டுக்கொண்டே வந்திருந்தாள். இன்னும் மூன்று நான்கு வீட்டிலிருந்து வெள்ளை என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சம் வந்தது. எல்லாம் சேர்த்தாலும் பனிமலையின் அடிவாரத்துக்குத்தான் காணும்.

"நடுவுல மஞ்சளை வை," என்றாள் நூபியா. "பனிமேல சூரியன் உதிக்கற மாதிரி."

எவெலியோ நெடுநேரம் சட்டத்தைப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். வெள்ளையைச் சுற்றி அடுக்கினார், நடுவில் தங்கத்தை வட்டமாகக் குவித்தார். முடிந்ததும் தள்ளி நின்று பார்த்து, கம்பீரமாக இருக்கிறது என்றார். நூபியாவுக்கு அதில் என்னவோ ஒரு சந்தேகம் இருந்தது. என்ன என்று தெரியவில்லை. தெரிந்தபோது ஊர்வலம் பாதி தூரம் வந்திருந்தது.

நகரத்துத் தெருவில் இரு பக்கமும் கூட்டம். எவெலியோ முன்னால், நூபியா பின்னால். வெயிலில் வேர்வை கண்ணில் இறங்கியது. சட்டத்துப் பட்டை தோளை அறுத்தது. அவர் முதுகுச் சட்டத்தைத் தூரத்திலிருந்து முதல் முறையாகப் பார்த்த ஒரு குழந்தை, அப்பன் தோளில் உட்கார்ந்தபடி தெளிவாகச் சொன்னது:

"அப்பா, பொரிச்ச முட்டை."

அவ்வளவுதான். நடைபாதை முழுக்கப் பரவிவிட்டது. பொரிச்ச முட்டை, பொரிச்ச முட்டை என்று தெருவே கைதட்டிக் கூவ ஆரம்பித்தது. நூபியாவுக்கு முதுகில் அவ்வளவு கனத்தோடு சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை, நடை தடுமாறிற்று. எவெலியோ திரும்பிப் பார்க்க முடியாமல், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்தார். ஒரு தெருமுனையில் யாரோ உப்பு வேணுமா தாத்தா என்று கேட்டார்கள். அவர் நின்றார். சட்டத்தோடு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"மிளகும் கொண்டு வா," என்றார்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தெருமுனையிலும் சுற்றிக் காட்டினார். பரிசு மலைக்கு அந்தப் பக்கத்து ஒரு குடும்பத்துக்குப் போயிற்று. ஆனால் மறுநாள் பத்திரிகைகளிலெல்லாம் வந்த படம் எவெலியோவினுடையது. அவர் முதுகுக்குப் பின்னால், வாயெல்லாம் பல்லாக நூபியாவின் முகமும் கொஞ்சம் தெரிந்தது.

மழை தொடங்கிய சமயத்தில் டாக்டரம்மா மலைக்கு வந்தாள். எரிந்த பாத்தியில் எவெலியோ புதிய வெள்ளை நட்டிருந்தார். ஓரத்தில், அந்தக் கிளையிலிருந்து அவள் வேர்விடச் செய்து கொடுத்த மஞ்சள் நாற்றுகள் ஒரு வரிசை. அவற்றைப் பற்றி எழுதப்போகிறேன், அதனால் சில இலைகள் வேண்டும் என்றாள். நூபியா வேலியைத் தாண்டி வந்து நின்றாள். கில்தார்தோவும் எவெலியோவும் பில்லியர்ட்ஸ் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பேர் போட்டு எழுதுவீங்க?" என்று கேட்டாள் நூபியா.

"பேரா? ஏற்கனவே ஒரு எண் குடுத்திருக்கேனே. நாற்பத்தேழு பி."

எவெலியோ வாசலில் நின்றுவிட்டார். "பூவுக்கு எண்ணா?"

"அது ஆய்வகத்து வழக்கம் தோன் எவெலியோ."

"எங்க வீட்டுப் பொண்ணுக்கு நாற்பத்தேழு பின்னு பேர் வெக்கவா படிச்சீங்க?" என்றாள் நூபியா.

"கைதிக்குத்தான் எண் குடுப்பாங்க," என்றார் எவெலியோ.

"நல்லாச் சொல்லு கொம்பாத்ரே."

இருவரும் டாக்டரம்மாவை நடுவில் உட்காரவைத்து ஆளுக்கொரு பக்கம் பேர் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. கில்தார்தோ கொஞ்ச நேரம் பஸ் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான். பிறகு பெருமூச்சு விட்டு, தொப்பியைக் கழற்றி, எவெலியோ வீட்டு அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க உள்ளே போனான்.